ஒரே பிளான், ஏழு பிரதி: வாட்ஸ்அப் குரூப்பில் ஓடும் பிசினஸ் கிளவுடுக்கு மாறினால் என்ன ஆகும்?

கூத்தாநல்லூரில் ஒரு வீட்டுக்கு ரூஃப் கான்கிரீட் போடும் நாள். ஓனர் துபாயில். அவருடைய தம்பி சிங்கப்பூரில். பிளான் போட்ட இன்ஜினியர் திருவாரூரில். சைட்டில் நிற்பவர் மேஸ்திரி மட்டும்தான். மாடி பாத்ரூமைக் கிழக்குப் பக்கத்திலிருந்து மேற்குப் பக்கம் மாற்றுவது என்று பத்து நாளைக்கு முன்பே பேசி முடித்தாச்சு. இன்ஜினியர் புது பிடிஎஃப் அனுப்பிவிட்டார். குரூப்பில் இருந்த எல்லாரும் கட்டைவிரல் போட்டுவிட்டார்கள். எலெக்ட்ரீஷியனும் பிளம்பரும் அந்தக் குரூப்பிலேயே இல்லை. அவர்கள் போனில் இருப்பது போன மாத பிளான். கான்கிரீட் இறுகிய பிறகுதான் பைப் தப்பான இடத்தில் இருப்பது தெரிகிறது.

“நான் வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேனே பாய்!”

“எனக்கு வரவே இல்லையே சார்...”

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், வெளிநாட்டில் சம்பாதித்து ஊரில் வீடு கட்டும் எவரிடம் இதைச் சொன்னாலும், “எங்க வீட்லயும் இப்படித்தான்...” என்று ஆரம்பிக்க வாய்ப்பு அதிகம். திருவாரூர் மாவட்டத்தின் கூத்தாநல்லூருக்கு ‘சின்ன சிங்கப்பூர்’ என்றொரு செல்லப் பெயர் உண்டு. மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா என்று தலைமுறை தலைமுறையாகப் போய்வரும் ஊர். இங்கே ஒரு வீடோ, கடையோ, அரிசி ஆலையோ எழும்பினால், பணம் ஒரு நாட்டில், முடிவு எடுப்பவர் இன்னொரு நாட்டில், வேலை நடப்பது ஊரில் என்பது சகஜம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். மூன்று இடத்திலும் எல்லாரும் ஒரே நேரத்தில் ஃப்ரீயாக இருப்பது ஞாயிற்றுக்கிழமைகூட நிச்சயமில்லை. பெங்களூரு ஐடி கம்பெனிகள் ‘ரிமோட் டீம்’ என்று பெரிதாகப் பேசுகிற விஷயத்தை இந்த ஊர்க்காரர்கள் ட்ரங்க் கால் காலத்திலிருந்தே செய்துவருகிறார்கள்.

அந்த வேலைக்கு இப்போது இருக்கும் கருவிதான் கிளவுட். அதை எப்படிப் பயன்படுத்துவது, எங்கே கவனமாக இருக்கணும் என்று பார்ப்போம்.

கிளவுட்னா என்ன, சுருக்கமா?

உங்கள் ஃபைல் உங்கள் போனிலோ ஆபீஸ் கம்ப்யூட்டரிலோ இல்லாமல், வேறொரு நிறுவனத்தின் டேட்டா சென்டரில் இருக்கிறது. இன்டர்நெட் வழியாக நீங்கள் அதைத் திறக்கிறீர்கள். அவ்வளவுதான். கூகுள் டிரைவ் கிளவுட். பட்டா, சிட்டாவை ஆன்லைனில் எடுப்பதும் கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான். ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்பவர்கள் எல்லாரும் ஏற்கெனவே தங்கள் வியாபாரத் தகவலை எங்கோ இருக்கும் ஒரு சர்வரில்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நெல் கொள்முதல் நிலையத்தில் விற்க ஆன்லைனில் பதிவு செய்கிற விவசாயியும் அப்படித்தான். ‘கிளவுடெல்லாம் நமக்கு எதுக்கு’ என்று கேட்பவர்கள் ரொம்ப நாளாகவே அதற்குள் இருக்கிறார்கள்.

அமேசான் 2006-ல் தன் சேமிப்பு சேவையையும் கம்ப்யூட்டர் வாடகை சேவையையும் தொடங்கியதிலிருந்து இந்தத் தொழில் பெரிதானது. மைக்ரோசாஃப்ட் 2015-ல் இந்தியாவில் மூன்று இடங்களில் கிளவுட் மையம் திறந்தபோது அதில் ஒன்று சென்னை. அமேசான் 2016-ல் மும்பைக்கு வந்தது.

வாட்ஸ்அப்பில் என்ன குறை?

வாட்ஸ்அப்பைத் திட்டி எழுதுவது சுலபம். அது இல்லாவிட்டால் பாதி வேலை நடக்காது என்பதும் உண்மை. மேஸ்திரிக்கு அதில் வாய்ஸ் மெசேஜ் போடத் தெரியும், போட்டோ எடுத்து அனுப்பத் தெரியும். இதைவிட எளிமையான ஒரு கருவியை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

சிக்கல் வேறு இடத்தில். வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைலை ஏழு பேருக்கு அனுப்பினால், உலகத்தில் ஏழு ஃபைல் உருவாகிறது. அடுத்த வாரம் திருத்தி அனுப்பினால் பதினான்கு. ‘ஃபைனல் பிளான்’, ‘ஃபைனல் பிளான் 2’, ‘புது ஃபைனல்’ என்று பெயர் வைத்தாலும், எது நடப்பில் உள்ளது என்பது ஒவ்வொருவரும் எவ்வளவு தூரம் ஸ்க்ரோல் செய்கிறார் என்பதைப் பொறுத்தது. பேச்சும் முடிவும் ஒரே ஓடையில் ஓடுகின்றன. ‘சரி, அந்த டைல்ஸே போடுங்க’ என்கிற முக்கியமான ஒற்றை வரி, இரண்டு ஜும்ஆ வாழ்த்துக்கும் ஒரு கல்யாண அழைப்பிதழுக்கும் நடுவில் கிடக்கும். போனை மாற்றினால், சரியாக பேக்கப் எடுக்காவிட்டால், அதுவும் போச்சு. பழைய போட்டோவைத் திறந்தால் ‘மீண்டும் அனுப்பச் சொல்லுங்கள்’ என்று வருவதை எல்லாரும் பார்த்திருப்போம்.

கிளவுடில் ஃபைல் அனுப்பப்படுவதில்லை. ஒரே இடத்தில் இருக்கிறது, எல்லாரும் அங்கே வந்து பார்க்கிறார்கள். இன்ஜினியர் காலையில் திருத்தினால், மதியம் எலெக்ட்ரீஷியன் அதே லிங்க்கைத் திறக்கும்போது திருத்தியதுதான் வரும். யார், எப்போது, எதை மாற்றினார் என்கிற வரலாறும் கூடவே பதிவாகும். கூகுள் ஷீட்ஸில் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ என்ற பெயரில் இருப்பது இதுதான். பணம் சம்பந்தப்பட்ட சண்டையில் இந்த வரலாற்றுக்கு இருக்கும் மதிப்பு, சண்டை வந்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு விஷயமும் உண்டு. 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையில் வீட்டு அனுமதி கொடுக்க ஆரம்பித்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ, மொத்தம் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்து உடனடியாக அனுமதி வாங்கலாம். வசதிதான். ஆனால், அனுமதி பெற்ற பிளான் ஒன்று, சைட்டில் ஓடுகிற பிளான் வேறொன்று என்று ஆகிவிட்டால், பொறுப்பு சான்று கொடுத்தவர் தலையில் விழும். எந்தப் பிரதி எது என்று தெரிந்து வைத்திருப்பது அழகுக்கான விஷயமாக இனி இருக்காது.

ஃபைல் மட்டும் போதுமா?

போதாது. ஃபைலை மேலே ஏற்றிவிட்டு ‘நாங்க கிளவுடுக்கு மாறிட்டோம்’ என்று சொல்லும் நிறுவனங்கள்தான் அதிகம். பிராஜெக்ட் மேனேஜ்மென்ட் என்பது தகவலோடு நேரத்தையும் ஆளையும் கட்டுவது.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க மேனேஜ்மென்ட் புத்தகம் தேவையில்லை. ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் கல்லணைக்கு வந்து, பிரிந்து, வெண்ணாறு பாசனப் பகுதியின் வாய்க்கால் வரை வர நாள் பிடிக்கும். அதற்குள் நாற்றங்கால் தயாராக இருக்கணும். நாற்று முற்றிவிட்டால் நடவு சரிவராது. நடவு தள்ளிப்போனால் குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையில் மாட்டும். மழையில் மாட்டினால் நெல்லின் ஈரப்பதம் ஏறும். கொள்முதலுக்கான வரம்பு 17 சதவீதம் என்பதால், அதைத் தளர்த்தச் சொல்லி மத்திய அரசுக்குக் கடிதம் எழுதுவதும், ஆய்வுக் குழு வந்து சாம்பிள் எடுப்பதும் வழக்கமான செய்தியாகிவிட்டது. ஒரு தேதி நழுவினால் அடுத்த நான்கு தேதிகளும் நழுவுகின்றன. இதைத்தான் அந்தத் துறையில் ‘டிபென்டென்ஸி’ என்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்பு ஹென்றி கான்ட் என்ற அமெரிக்க இன்ஜினியர் இதைக் கோடுகளாக வரைந்து காட்டினார். அவர் பெயரில்தான் இன்றும் ‘கான்ட் சார்ட்’ இருக்கிறது.

வீட்டு வேலைக்கும் அதே கணக்கு. சென்ட்ரிங் முடியாமல் கம்பி கட்ட முடியாது. கம்பி கட்டி, கரன்ட் பைப் பதிக்காமல் கான்கிரீட் போடக் கூடாது. கான்கிரீட் போட்டால் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் காட்டணும். பிராஜெக்ட் மென்பொருளில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி, ‘இதற்கு முன் எது முடியணும்’ என்ற குறிப்பு இருக்கும். பாத்ரூம் இடம் மாறியது என்று பதிவானவுடன், அதைச் சார்ந்த பிளம்பிங் வேலைக்கும் எச்சரிக்கை போகும்படி வைக்கலாம். பிளம்பர் ‘பார்த்தேன்’ என்று டிக் செய்தால்தான் கான்கிரீட் வேலை திறக்கும் என்றும் வைக்கலாம். மேலே சொன்ன காட்சி அங்கேயே நின்றிருக்கும்.

அரிசி ஆலைக்கும் இது பொருந்தும். நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்காக நெல் அரைத்துக் கொடுக்கும் ஆலைகளில், புழுங்கல் அரிசி என்றால் 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ அரிசி திருப்பித் தரணும் என்பது மத்திய அரசின் அளவுகோல். வந்த லோடு எத்தனை, அரைத்தது எத்தனை, போனது எத்தனை என்பது மூன்று நோட்டில் மூன்று கையெழுத்தில் இருந்தால், வித்தியாசம் எங்கே வந்தது என்று கண்டுபிடிக்க சீசன் முடிந்துவிடும்.

நம்ம ஊர் கம்பெனியின் கதை

இந்த வகை மென்பொருளில் உலக அளவில் பேர் வாங்கிய நிறுவனம் ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. தஞ்சாவூர் மாவட்ட கிராமத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஸ்ரீதர் வேம்புவும் மற்ற சிலரும் சேர்ந்து 1996-ல் ‘அட்வென்ட்நெட்’ என்று தொடங்கினார்கள். 2009-ல் பெயர் ஜோஹோ கார்ப்பரேஷன் ஆனது. அதன் ‘ஜோஹோ பிராஜெக்ட்ஸ்’ 2006-லேயே வந்துவிட்டது. 2011-ல் தென்காசியில் அலுவலகம் திறந்தார்கள். வாடிக்கையாளர் சேவைக்கான ‘ஜோஹோ டெஸ்க்’ அங்கே உருவானது. கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு உலகத்துக்கு மென்பொருள் செய்யலாம் என்பதற்கு இந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள். அதிகம் சொல்லப்படாத இன்னொரு கதை இருக்கிறது. கிளவுடை நம்பி இறங்குபவர்களுக்கு அதுதான் முக்கியம்.

2018 செப்டம்பர் 24. ஜோஹோவின் இணைய முகவரி திடீரென்று வேலை செய்யவில்லை. சர்வர்கள் நன்றாகவே ஓடின, டேட்டா பத்திரமாக இருந்தது. அந்த முகவரியைப் பதிவு செய்து கொடுத்த ‘டியராநெட்’ என்ற அமெரிக்க நிறுவனம், ஜோஹோ மெயில் வழியாக ஃபிஷிங் மோசடி நடப்பதாக வந்த புகார்களைக் காரணம் காட்டி முகவரியை முடக்கிவிட்டது. வந்த புகார்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை என்றது ஜோஹோ. கோடிக்கணக்கான பயனாளர்களைக் கொண்ட நிறுவனத்தின் தலைவர், ட்விட்டரில் உதவி கேட்க வேண்டியதாயிற்று. முடக்கம் நீங்கிய பிறகும், மாற்றம் உலகம் முழுக்கப் பரவ மணிக்கணக்கில் ஆனது. அதன்பின் ஜோஹோ தன் முகவரியை கிளவுட்ஃபிளேருக்கு மாற்றிக்கொண்டது.

வீட்டில் நகை பத்திரமாக இருக்கிறது, ஆனால் தெருவுக்கு வழி அடைத்துவிட்டார்கள் என்கிற மாதிரி நிலைமை. அன்று அந்த சேவையில் மட்டுமே தகவலை வைத்திருந்த ஒரு சிறு வியாபாரிக்கு, காரணம் எதுவாக இருந்தாலும் பலன் ஒன்றுதான்: பில் போட முடியாது, மெயில் பார்க்க முடியாது.

பெரிய இடத்திலும் நடக்கும்

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் நடந்தது இதைவிட மோசம். யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதி நிறுவனம், ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டது. கூகுள் கிளவுடில் இருந்த அதன் பிரைவேட் கிளவுட் ஒரு நாள் அழிந்துபோனது. ஹேக்கிங் இல்லை. அமைப்பை உருவாக்கும்போது கூகுள் தரப்பில் ஓர் இடத்தை நிரப்பாமல் விட்டதால், ஒரு வருஷ காலக்கெடு தானாகவே விழுந்து, கெடு முடிந்ததும் தானாகவே அழித்துவிட்டது. உறுப்பினர்கள் பல நாள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. மீண்டு வந்ததற்கு ஒரு காரணம், யூனிசூப்பர் தன் டேட்டாவின் பிரதியை வேறொரு நிறுவனத்திடமும் வைத்திருந்தது.

அப்படி வைக்காதவர்களுக்கு என்ன ஆகும் என்பது 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவில் தெரிந்தது. தேஜான் நகரில் அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. அரசு ஊழியர்களுக்கான ‘ஜி-டிரைவ்’ என்ற சேமிப்பகம் முழுவதும் எரிந்துபோனது. 858 டெராபைட். ரொம்பப் பெரிதாக இருப்பதால் வெளியே பேக்கப் எடுக்கவில்லை என்று விளக்கம் சொன்னார்கள். உலகத்திலேயே இணைய வசதியில் முன்னணியில் இருக்கிற நாட்டின் கதை இது. ‘எல்லாத்தையும் அங்கேதான் வைக்கணும்’ என்று உத்தரவு போடப்பட்டிருந்த துறையில் ஊழியர்களின் பல வருஷ வேலை காணாமல்போனது.

டெல்டாவுக்குத் திரும்பினால் நமக்கு 2018 நவம்பர் 16 இருக்கிறது. கஜா புயல். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் கரன்ட் வர வாரக்கணக்கானது, செல்போன் டவர்களும் படுத்தன. கணக்கு நோட்டை மட்டும் நம்பியிருந்த கடையில் நோட்டு நனைந்திருக்கும். கிளவுடை மட்டும் நம்பியிருந்த கடையில் டேட்டா பத்திரமாக இருந்திருக்கும், ஆனால் யாருக்கு எவ்வளவு சம்பளம் பாக்கி என்று பார்க்க போனில் சிக்னல் இருந்திருக்காது. இரண்டும் வேண்டும் என்பதுதான் இதிலிருந்து கிடைக்கிற நடைமுறைப் பாடம். பேக்கப் எடுப்பதற்குப் புகைப்படக் கலைஞர்கள் மத்தியிலிருந்து வந்த ‘3-2-1’ என்ற விதி ஒன்று உண்டு. மூன்று பிரதி, இரண்டு வகை சாதனத்தில், அதில் ஒன்று வேறு ஊரில். கூகுள் டிரைவில் ஒன்று, ஆபீஸ் லேப்டாப்பில் ஒன்று, வெளிநாட்டில் இருக்கும் தம்பியிடம் ஹார்ட் டிஸ்கில் ஒன்று. கூத்தாநல்லூர் குடும்பங்களுக்கு அந்த மூன்றாவது பிரதி சிரமமே இல்லை!

நடப்பு வேலைக்கான ஷீட்டையும் பிளானையும் போனில் ‘ஆஃப்லைன்’ என்று குறித்துவைத்தால், சிக்னல் இல்லாத நேரத்திலும் கடைசியாகப் பார்த்த பிரதி திறக்கும். இதைச் செய்ய அரை நிமிஷம்கூட ஆகாது. பெரும்பாலானவர்கள் செய்வதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

வேகமாகப் பார்த்துவிடலாம். பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால், 2023 ஏப்ரல் 1 முதல் நீங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தையும் பதிவு செய்யும் ‘எடிட் லாக்’ இருந்தே ஆகணும். அதை அணைத்து வைக்கவும் கூடாது. கணக்குப் புத்தகத்தின் பேக்கப் தினமும் இந்தியாவில் இருக்கும் சர்வரில் எடுக்கப்படணும் என்பது 2022-ல் வந்த திருத்தம். துபாய் ஆபீஸ் சர்வரில் மட்டும் கணக்கு வைத்திருப்பவர்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. தனிநபர் கடை, பார்ட்னர்ஷிப் நிறுவனங்களுக்கு இந்த கம்பெனி விதி பொருந்தாது.

வாடிக்கையாளர், தொழிலாளர் பற்றிய ஆதார் நகல், போன் நம்பர், வங்கி விவரம் எல்லாம் தனிநபர் தரவு. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. படிப்படியாக அமலாகிறது. சித்தாள் வரைக்கும் எல்லாருடைய ஆதாரையும் ‘லிங்க் கிடைத்த யாரும் பார்க்கலாம்’ என்ற ஃபோல்டரில் போட்டு வைக்கிற பழக்கத்தை இப்போதே விட்டுவிடலாம்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

பணம் கட்டி மென்பொருள் வாங்குவதிலிருந்து இல்லை. அதுதான் பலரும் செய்கிற முதல் காரியம். மூன்று மாசத்தில் ஓனர் மட்டும் லாக்-இன் செய்துகொண்டிருப்பார், மேஸ்திரி பழையபடி வாய்ஸ் மெசேஜில் இருப்பார்.

ஒரே ஒரு ஷீட் போதும். வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதி, எவ்வளவு பணம் போச்சு, நிலை என்ன. ஐந்து பத்தி. பிளான் எல்லாம் ஒரே ஃபோல்டரில், நடப்பில் இருப்பது ஒன்று மட்டும் மேலே, பழையவை ‘பழசு’ என்ற உள் ஃபோல்டரில். குரூப்பில் இனி பிடிஎஃப் போடக் கூடாது, லிங்க் மட்டும்தான் என்று ஒரு கட்டுப்பாடு. இதை எல்லாரும் மதிக்க ஒரு மாதம் ஆகும். யாராவது ஒருவர் கண்டிப்பாக பிடிஎஃப் போடுவார், பெரும்பாலும் அது ஓனராகவே இருப்பார்!

மேஸ்திரியைத் தமிழில் டைப் செய்யச் சொல்லி வற்புறுத்துவது வேலைக்கு ஆகாது. அவர் வழக்கம்போல போட்டோவும் குரலும் அனுப்பட்டும். சாயங்காலம் பத்து நிமிஷம் உட்கார்ந்து அதை ஷீட்டில் ஏற்ற ஊரில் ஒருவர் இருக்கணும். கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் தங்கச்சியோ மச்சானோ இதைச் செய்யலாம், சம்பளத்தோடு. இந்த ஒரு ஆளை வைக்காமல் கிளவுடுக்கு மாறிய பிசினஸ் எதுவும் நீடிக்காது.

ஷீட்டில் முப்பது நாற்பது வேலைகளைத் தாண்டி, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சைட் ஓட ஆரம்பித்தால்தான் ஜோஹோ பிராஜெக்ட்ஸ், ட்ரெல்லோ, ஆசனா போன்றவை தேவைப்படும். எதை எடுத்தாலும், வாங்குவதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: நாளைக்கு விட்டுப்போகணும்னா எங்க டேட்டா முழுசையும் எக்செல் ஃபைலாக எடுத்துக்க முடியுமா? முடியாது என்றாலோ, சுற்றி வளைத்துப் பதில் சொன்னாலோ, அடுத்ததைப் பார்க்கலாம்.

அக்கவுன்ட் யார் பேர்ல இருக்கு?

தொழில்நுட்பத்தைவிட அதிகம் சண்டையைக் கொண்டுவருவது இந்தக் கேள்விதான். அவசரத்துக்கு இன்ஜினியரின் சொந்த ஜிமெயிலில் ஃபோல்டர் திறப்பார்கள். இல்லாவிட்டால் கணக்கு எழுதும் பையன் தன் நம்பரில் அக்கவுன்ட் போட்டுவிடுவான். இரண்டு வருஷம் கழித்து அவர் வேறு வேலைக்குப் போகும்போது, அத்தனை பில்லும் பிளானும் அவருடைய அக்கவுன்டில் இருக்கும். அவர் நல்லவராக இருந்தால் தப்பித்தோம். பாக்கி சம்பளத்தில் தகராறு என்றால், சாவி அவர் கையில். நிறுவனத்தின் பெயரில் தனி மெயில், அதற்கு குறைந்தது இரண்டு பேரின் கட்டுப்பாடு, ஊர் நம்பர் ஒன்றும் வெளிநாட்டு நம்பர் ஒன்றும் மீட்பு எண்ணாக. மற்றவர்களுக்குப் பார்க்கவோ திருத்தவோ மட்டும் அனுமதி. வேலையை விட்டவரின் அனுமதியை அன்றைக்கே எடுத்துவிடணும்.

இலவச ஜிமெயில் என்றால் 15 ஜிபிதான். மெயில், டிரைவ், போட்டோ எல்லாம் சேர்த்து. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதற்குள்தான் வருகிறது. சைட் வீடியோக்களை வைத்தால் சில மாதங்களில் நிரம்பிவிடும். இரண்டு வருஷம் திறக்காமலே கிடக்கும் தனிநபர் கணக்கை அழிக்க கூகுளுக்கு உரிமை உண்டு. 2023 டிசம்பர் முதல் அந்த விதி நடைமுறையில் இருக்கிறது. வீடு கட்டி முடித்தபிறகு யாரும் திறக்காத அந்த ‘வீடு’ அக்கவுன்டில்தான் வாரன்டி பில், கரன்ட் லைன் போகும் படம், தண்ணீர் பைப் ஓடும் படம் எல்லாம் இருக்கும்.

கணக்கு வைத்திருப்பவர் இறந்துவிட்டால்? பேச யாருக்கும் பிடிக்காத விஷயம். வெளிநாட்டில் இருப்பவர் பெயரிலேயே எல்லாம் இருக்கும் குடும்பங்களில் இது பெரிய சிக்கலாகிவிடும். இதற்கு கூகுளில் ‘இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்’ என்ற வசதி 2013-லிருந்தே இருக்கிறது. கணக்கு 3 மாதம் முதல் 18 மாதம் வரை, நீங்கள் குறிப்பிடும் காலத்துக்குப் பயன்படுத்தப்படாமல் இருந்தால், நீங்கள் சொல்லிவைத்த பத்துப் பேர் வரை தகவல் போகும். எதையெல்லாம் அவர்கள் தரவிறக்கிக்கொள்ளலாம் என்றும் முன்கூட்டியே குறிக்கலாம். கூகுள் அக்கவுன்டில் ‘டேட்டா அண்ட் பிரைவஸி’ பக்கத்தின் கீழே இருக்கிறது.